முதலில் திரையை அணையுங்கள்: சிம்பொனி வீடியோப் பதிவுகளை எடைபோடுவது எப்படி?

நான் முதன்முதலில் வாங்கிய சிம்பொனி டிவிடியில் நடத்துநர் அழுதார். மெதுவான பகுதியின் முடிவில் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது; கேமரா அந்த முகத்தை விட்டு அகலவே இல்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. இதைவிட நல்ல வாசிப்பு இருக்கவே முடியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டே அதே டிவிடியை ஓடவிட்டேன். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அதே மெதுவான பகுதி வந்தது. வயலின்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இழுபட்டன. ஹார்ன் என்ற வளைந்த பித்தளை ஊதுகருவி இரண்டு இடத்தில் பிசிறடித்தது. தாளம் எங்கே விழுகிறது என்று வாசிப்பவர்களுக்கே தெரியாததுபோல் இருந்தது. அத்தனை மாதமும் நான் கேட்டது இசையை அல்ல, அந்த முகத்தை.

இது என் காதின் கோளாறு மட்டுமல்ல. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைச் சிறு துண்டுகளாக்கிச் சிலருக்கு ஒலியை மட்டும் கொடுத்தார்கள், சிலருக்கு ஒலியோடு படத்தை, சிலருக்கு ஒலியே இல்லாத படத்தை. வென்றவர் யார் என்று நன்றாகக் கணித்தவர்கள் ஊமைப்படம் பார்த்தவர்கள்தான். தொழில்முறைக் கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. கீழே சொல்லும் படிகள் எல்லாமே ஒரு காரியத்துக்காகத்தான்: காதை முதலில் உட்காரவைத்துவிட்டு, கண்ணைப் பிறகு உள்ளே விடுவது.

ஒரு சொல்லைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் கோல் பிடித்து நிற்பவரைக் கண்டக்டர் என்றாலும் நடத்துநர் என்றாலும், தமிழில் டிக்கெட் கிழிப்பவர்தான் மனதில் வந்து நிற்கிறார். வேறு நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை. நடத்துநர் என்றே எழுதுகிறேன். இடையில் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு சிம்பொனியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, பத்து சிம்பொனிகளில் பத்து வீடியோக்களை வாங்கிக் குவிப்பது. அப்படிச் செய்தால் எது இசையமைத்தவரின் அழகு, எது வாசித்தவரின் அழகு என்று பிரித்தறிய வழியே இல்லை. ஒரு சிம்பொனியை எடுத்துக்கொண்டு, அதற்கு மூன்று வெவ்வேறு பதிவுகளைத் தேடுங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது, இன்னொன்று அந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டு வாசிக்கும் குழுவினுடையது. மூன்று போதும்.

எந்த சிம்பொனி என்று கேட்டால், பீத்தோவனின் ஐந்தாவது என்பேன். தேய்ந்துபோன பதில்தான், ஆனால் காரணம் இருக்கிறது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறிய இந்த சிம்பொனி அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஒரே அமர்வில் இரண்டு முறை கேட்டுவிடலாம். மெட்டுகள் சீக்கிரம் மனதில் பதியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிப்பவர்கள் எடுக்கும் முடிவுகள் வெளிப்படையாகத் தெரியும் இடங்கள் இதில் ஏராளம். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

பதிவுகளை ஒப்பிடத் தொடங்குமுன், நான்கு பகுதிகளையும் வாய்க்குள் முணுமுணுக்கும் அளவுக்கு இசை பழகியிருக்க வேண்டும். ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் தெரிய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. ஆனாலும் முழு இசைப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காப்புரிமை முடிந்துவிட்ட பழைய படைப்புகள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இடப்பக்க ஓரத்தில் கருவிகளின் பெயர் இருக்கும். எந்தக் கருவி எப்போது சும்மா இருக்கிறது, எப்போது வாசிக்கிறது என்று விரலை வைத்துப் பின்தொடர முடிந்தாலே நமக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: தொலைக்காட்சியை அடக்கி வையுங்கள்

இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகள் நம்மைக் கேட்காமலே நிறைய உதவி செய்கின்றன. சிம்பொனிக்கு அந்த உதவிகள் ஒன்றுகூட வேண்டாம். இரவு நேர ஒலி என்றோ, தானியங்கி ஒலிச் சமன் என்றோ ஒரு வசதி இருக்கும். அது மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியை அமுக்கிவிடும். ஐந்தாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருக்க, வயலின்கள் ஊர்ந்து ஏறி, நான்காம் பகுதியின் வெளிச்சத்தில் வெடித்துத் திறக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அந்த வெடிப்பு ஒரு கதவு சாத்தும் சத்தமாகச் சுருங்கிவிடும். பழியை நடத்துநர் மேல் போடுவோம்.

செயற்கைச் சூழொலி, பேச்சுத் தெளிவு, அசைவுகளை வழவழப்பாக்கும் பட மெருகு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வட்டில் ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருந்தால், முதலில் சுருக்கப்படாத பிசிஎம் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து ஸ்பீக்கர்களைச் சரியான இடத்தில் வைத்திருப்பவர்கள் பிறகு சூழொலிக்குப் போகலாம். அங்கே பின்பக்க ஸ்பீக்கர்களிலிருந்து அரங்கத்தின் எதிரொலியும் கைத்தட்டலும்தான் வர வேண்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து டிரம்பெட் கேட்டால், இசையமைத்தவர் அப்படிக் கேட்டிருந்தாலொழிய, யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

அடுத்தது ஒத்திசைவு. படத்தைச் செப்பனிடத் தொலைக்காட்சி சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், தனி ஸ்பீக்கர் வழியாகப் போகும் ஒலி முந்திக்கொண்டு வந்துவிடும். இதைச் சோதிக்கும்போது நடத்துநரின் கையைப் பார்க்காதீர்கள். பல ஆர்க்கெஸ்ட்ராக்கள், குறிப்பாக ஜெர்மன், ஆஸ்திரியக் குழுக்கள், நடத்துநரின் கோல் கீழே இறங்கிச் சற்றுப் பொறுத்துத்தான் ஒலியை எழுப்பும். அது அவர்கள் பழக்கம், கோளாறு அல்ல. டிம்பனி வாசிப்பவரின் குச்சி தோலைத் தொடும் கணத்தைப் பாருங்கள். அதுவும் ஒலியும் சேர்ந்து வந்தால் சரி. வராவிட்டால் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதியைத் தேடி, சில மில்லிவினாடிகளாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ஒப்பிடும்போது மூன்று பதிவுகளையும் ஏறக்குறைய ஒரே ஒலி அளவில் கேட்பது முக்கியம். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் கொஞ்சம் உயிரோட்டமாகத் தோன்றும். இந்த மயக்கத்தில் எத்தனையோ தீர்ப்புகள் தவறியிருக்கின்றன, என்னுடையவையும் சேர்த்து.

மூன்றாம் படி: படம் இல்லாமல் ஒரு முறை

திரையை அணையுங்கள், அல்லது நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். துணி மடிக்க வேண்டாம். அது எனக்குத் தற்செயலாக வாய்த்தது.

முதல் கேள்வி, வேகம். பீத்தோவன் தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும், வேகத்தைக் குறிக்கும் மெட்ரோனோம் எண்களை 1817-இல் வெளியிட்டார். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 108. அதாவது இசைப்பிரதியில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் கட்டங்கள் நிமிடத்துக்கு 108 ஓட வேண்டும். மொத்தம் 502 கட்டங்கள். முதல் 124 கட்டங்களை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டால், நீட்டி நிறுத்தும் இடங்களைத் தவிர்த்து, ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நடைமுறையில் பெரும்பாலானவர்கள் ஏழு நிமிடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால் அவை மோசம் என்று ஆகிவிடாது. வேகம் என்பது கடிகாரத்தில் மட்டும் இல்லை. நிதானமாகப் போகும் ஒரு வாசிப்பு கயிற்றை இழுத்துப் பிடித்ததுபோல் விறைப்பாக இருக்கலாம். விரைந்தோடும் ஒன்று மூச்சு வாங்கிக் குழறலாம். நடத்துநர் பிடித்த காலப்பிரமாணத்தில் எல்லா ஸ்வரங்களும் முழுசாகக் காதில் விழுகின்றனவா? அதைத்தான் கேட்க வேண்டும்.

அந்த 124 கட்டங்களைத் திரும்ப வாசிக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடத்தில், எல்லோருக்கும் தெரிந்த அந்த நான்கு ஸ்வரங்கள் ஆரம்பத்தில் வந்தது போலவே மறுபடி வந்தால், திரும்ப வாசிக்கிறார்கள் என்று பொருள். பழைய நடத்துநர்கள் சிலர் இதை விட்டுவிடுவார்கள். இவ்வளவு குறுகிய, இறுக்கமான பகுதியில் திரும்ப வாசிக்காமல் தாண்டுவது, கட்டிலின் ஒரு காலை அறுத்துவிடுவது போல என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

இரண்டாவது, அடுக்குகள் தெரிகின்றனவா? மேலே வயலின் மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது உள்ளே, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாக்கள் என்ன செய்கின்றன என்று கேட்க முயலுங்கள். நல்ல ஆர்க்கெஸ்ட்ராவில், நல்ல ஒலிப்பதிவில், காதைத் திருப்பினால் அது கிடைக்கும். ஐந்தாவதின் மூன்றாம் பகுதியில், தாழ்ந்த குரலுள்ள பெரிய நரம்புக் கருவிகளான செல்லோவும் டபுள் பாஸும் சேர்ந்து படபடவென்று ஓடத் தொடங்கும் இடம் இதற்கு நல்ல சோதனை. ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக உருள்கிறதா, எல்லாம் சேர்ந்து ஓர் உறுமலாகிவிடுகிறதா?

உறுமல் என்றால் குற்றம் யாருடையது? அங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வீடியோவில் மூன்று தரப்பினரின் வேலை ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது: வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள், படம் பிடித்தவர்கள். எல்லாக் கருவிகளுமே தொலைவில், ஈரத்துணி போர்த்தியதுபோல் கேட்டால் குற்றம் பெரும்பாலும் மைக்குகள் வைத்த இடத்தில். மற்றவை தெளிவாக இருந்து டபுள் பாஸ் மட்டும் குழம்பினால், அரங்கையோ வாசிப்பவர்களையோ சந்தேகிக்கலாம். புல்லாங்குழல் தனித்து வாசிக்கும்போது மட்டும் திடீரென்று பக்கத்தில் வந்து நின்று ஊதுவதுபோல் பெரிதாகிறதா? திரையை ஓட விட்டுப் பாருங்கள். கேமரா அந்தக் கணத்தில் புல்லாங்குழலுக்குத் தாவியிருந்தால், ஒலிக்கலவைக்காரர் படத்துக்குத் தாளம் போட்டிருக்கிறார். எனக்கு இது பிடிப்பதே இல்லை. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் புல்லாங்குழல் நடந்து வருவதில்லை.

நான்காம் படி: இனிக் கண்ணைத் திறக்கலாம்

இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகு சொல்கிறேன், ஒலித்தட்டு தராத பலவற்றை வீடியோ தருகிறது. நான் வீடியோவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

முதல் காட்சியிலேயே உட்காரும் ஒழுங்கைப் பாருங்கள். முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் இடப்பக்கம் சேர்ந்திருக்கின்றனவா, அல்லது நடத்துநருக்கு இரு புறமும் எதிரெதிராகவா? 1983-இல் ஆம்ஸ்டர்டாமில் கார்லோஸ் க்ளைபர் நடத்திய பீத்தோவனின் நான்காவது, ஏழாவது சிம்பொனிப் பதிவுகளில் வயலின்கள் எதிரெதிராக இருக்கும். ஒரு பக்கம் கேட்ட கேள்விக்கு மறுபக்கம் பதில் சொல்வதைக் கண்ணாலும் காதாலும் பிடிக்கலாம். சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் இந்த ஒழுங்கு ஒரு விந்தையை வெளிக்கொண்டுவரும். கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் நாம் கேட்கும் அந்தத் துயர மெட்டை மேடையில் யாருமே வாசிப்பதில்லை. ஒரு ஸ்வரம் முதல் வயலினில், அடுத்தது இரண்டாம் வயலினில் என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். மெட்டு நம் காதில்தான் கூடுகிறது. வயலின்கள் பிரிந்து உட்கார்ந்திருந்தால் அது இடமும் வலமுமாகத் தள்ளாடும். சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே கோடாகிவிடும்.

இப்போது ஐந்தாவதுக்குத் திரும்புவோம். நான் எந்தப் புதிய பதிவை வாங்கினாலும் முதலில் போய்ப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் பகுதியில், ஆரம்பப் புயல் சற்று ஓய்ந்ததும், இரண்டு ஹார்ன்கள் மட்டும் உரத்த குரலில் ஓர் அழைப்பு விடுக்கும். அதன் பிறகே வயலின்கள் மென்மையான இரண்டாவது மெட்டைத் தொடங்கும். பிற்பாதியில் அதே இடம் திரும்ப வருகிறது, 303-ஆம் கட்டத்தில். ஆனால் இந்த முறை பீத்தோவன் அழைப்பை ஹார்னுக்கு எழுதவில்லை, பஸூன் என்ற தாழ்குரல் மர ஊதுகருவிகளுக்கு எழுதியிருக்கிறார். அவர் காலத்து ஹார்னில், எல்லா ஸ்வரங்களையும் எளிதாக எழுப்ப உதவும் வால்வு கிடையாது. முதலில் ஈ ஃபிளாட் மேஜர் என்ற சுருதியில் வந்த அழைப்பு இப்போது சி மேஜர் என்ற வேறு சுருதியில் வருகிறது. ஈ ஃபிளாட்டுக்கு அமைத்த ஹார்னில் அந்த ஸ்வரங்கள் திடமாக வராது. பஸூனோ பாவம், எவ்வளவு ஊதினாலும் ஹார்னின் வீரம் அதற்கு இல்லை.

வால்வு வந்த பிறகு பல நடத்துநர்கள், பீத்தோவனுக்கு இந்த வசதி இருந்திருந்தால் ஹார்னுக்குத்தானே எழுதியிருப்பார் என்று அழைப்பை ஹார்னுக்கே மாற்றிவிட்டார்கள். எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும் என்பவர்கள் பஸூனோடு நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஊதவைப்பவர்களும் உண்டு. ஒலியை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்கப் பழகிய காது வேண்டும். வீடியோவில் அந்த வினாடியில் யார் கன்னம் உப்புகிறது என்று பார்த்தால் போதும். கேமரா அங்கே போகிறதா என்பது அடுத்த கேள்வி. போனால், படத்தை இயக்கியவர் இசைப்பிரதியைப் படித்திருக்கிறார். அந்தக் கணத்தில் திரையில் நடத்துநரின் முடி பறந்துகொண்டிருந்தால், படிக்கவில்லை.

இதுபோன்ற முடிவுகள் வேறு சிம்பொனிகளிலும் உண்டு. சைக்கோவ்ஸ்கி ஆறாவதின் முதல் பகுதியில், நடுவே வெடிக்கப்போகும் இடிக்குச் சற்று முன், பஸூனுக்கு நான்கு ஸ்வரங்கள். மெல்லிய ஒலியில் என்பதைக் குறிக்கும் எழுத்தை ஆறு முறை போட்டிருக்கிறார். பஸூனில் அவ்வளவு மெல்லிய ஒலி பிறப்பது கடினம் என்பதால், பலரும் அதை பாஸ் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மூலப்பிரதியில் பாஸ் கிளாரினெட் என்ற கருவியே இல்லை. ஆகவே கிளாரினெட் வரிசையில் நீண்டு வளைந்த கருவி ஒன்று தென்பட்டால், அது எதற்கு வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கருவிகளின் உருவத்தையும் கவனியுங்கள். ஜெர்மன், ஆஸ்திரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் டிரம்பெட்டுகள் பெரும்பாலும் சுழல் வால்வு கொண்டவை. கிடையாகப் பிடித்து ஊதுவார்கள், ஒலியும் கனிந்து பரவும். மற்ற இடங்களில் பிஸ்டன் டிரம்பெட்; ஒலி கூர்மையாகத் தெறிக்கும். பழைய பாணிக் குழுவில் டிம்பனிகள் சிறியவை, குச்சிகள் கடினமானவை. அடி சுருக்கென்று விழும். இவற்றைப் பார்த்துவிட்டால், ஒரு பதிவு ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். வியன்னாவில் வாசிக்கும் ஓபோ என்ற மர ஊதுகருவியும் ஹார்னும்கூட உலகின் மற்ற இடங்களில் வாசிப்பவற்றிலிருந்து வேறானவை.

ஐந்தாம் படி: கேமராவைத் தேர்வெழுத வையுங்கள்

ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். ஊமைப்படமாகப் பார்த்தும் இசை எங்கே போகிறது என்று ஓரளவு ஊகிக்க முடிந்தால் அது நல்ல இயக்கம். நல்ல இயக்குநர் மெட்டு ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கணத்தில் வெட்டுவார், ஒரு வினாடி பிந்தி அல்ல. வாசித்து முடித்துக் கருவியை மடியில் இறக்கும் ஓபோக்காரரைக் காட்டுவது, பந்தி எடுத்த பிறகு இலை போடுவது போன்றது. ஐந்தாவதின் முதல் பகுதியில், எல்லோரும் நின்றுவிட ஓபோ மட்டும் ஒரு நீண்ட பெருமூச்சுபோல் தனியாக வாசிக்கும் இடம் 268-ஆம் கட்டத்தில் வருகிறது. அதற்கு முன்பே கேமரா அவரிடம் போய்க் காத்திருக்க வேண்டும். அவர் மூச்சை இழுப்பது நமக்குத் தெரிய வேண்டும்.

இதே சிம்பொனியில் டிராம்போன்களும் பிக்கலோவும் காண்ட்ராபஸூனும் மூன்று பகுதிகள் முழுக்கக் கைகட்டி உட்கார்ந்திருந்து, நான்காம் பகுதியில்தான் வாய் திறக்கின்றன. புத்தியுள்ள இயக்குநர் அந்தக் காத்திருப்பை ஒரு முறையாவது காட்டுவார். இன்னொரு வேடிக்கையான சோதனை, 1893-இல் நியூயார்க்கில் அரங்கேறிய துவோர்ஷாக்கின் ஒன்பதாவது. அதில் சிம்பல் மொத்தமே ஒரு முறைதான் ஒலிக்கிறது, அதுவும் கடைசிப் பகுதியில், அடக்கமாக. முக்கால் மணி நேர சிம்பொனியில் ஒரே ஒரு தட்டு. கேமரா அதைப் பிடித்ததா? மாலரின் முதல் சிம்பொனி முடிவில் ஹார்ன் வரிசை எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆறாவதில் ஒரு பெரிய மரச் சம்மட்டி அடி விழும். பெர்லியோஸின் 1830-ஆம் ஆண்டு சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் ஓர் ஓபோ மேடைக்கு வெளியிலிருந்து பதில் சொல்லும், கடைசியில் நான்கு பேர் டிம்பனி வாசித்து இடிமுழக்கம் எழுப்புவார்கள். இவற்றைத் தவறவிட்ட வீடியோவைப் படம் என்ற வகையில் நான் மன்னிப்பதில்லை.

அதே நேரம், அடிக்கு ஒரு வெட்டு என்று தாவும் படமும் தொல்லைதான். மெதுவான பகுதியில் கேமரா ஓரிடத்தில் நிலைத்து நிற்கத் துணிய வேண்டும். மேலிருந்து முழு மேடையும் தெரியும் காட்சி அடிக்கடி வர வேண்டும். சிம்பொனி என்பது நூறு பேர் சேர்ந்து செய்யும் வேலை, நெருக்கக் காட்சியில் அது பத்து விரலாகிவிடுகிறது. அரங்கின் கூரைச் சிற்பங்கள், சரவிளக்கு, தூங்கி வழியும் ரசிகர் எல்லாம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

ஆறாம் படி: நடத்துநரைக் கடைசியில் பாருங்கள்

அவரைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறோம். அதனால்தான் கடைசியில் வைக்கிறேன்.

பெரிய அசைவு பெரிய வாசிப்பு அல்ல. 1973-இல் ஈலி பேராலயத்தில் மாலரின் இரண்டாவதை நடத்திய லெனர்ட் பெர்ன்ஸ்டைன் வியர்த்துக் கொட்டி, துள்ளி, உருகுகிறார். கண்ணை மூடிக் கேட்டாலும் அந்தக் கொதிப்பு ஒலியில் இருக்கிறது. ஆகவே அது வேடமல்ல. அதே மனிதர் வியன்னா கலைஞர்களோடு ஹைடனின் 88-ஆவது சிம்பொனியின் கடைசிப் பகுதியை, கைகளை அசைக்காமல் புருவத்தையும் கண்களையும் மட்டும் வைத்து நடத்திய பதிவும் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா கடிகாரம்போல் ஓடுகிறது. கைவீச்சு எவ்வளவு அவசியம் என்பதற்கு அதுவே சாட்சி. 1948 முதல் 1952 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நடத்துநர் டோஸ்கனினியின் பத்து நிகழ்ச்சிகளில், எண்பதைத் தாண்டிய அந்த முதியவர் அதிகம் குதிப்பதில்லை. படம் கறுப்பு வெள்ளை, ஒலி ஒற்றைத் தடம். ஆனால் அந்தக் கையின் வட்டத்துக்குள் ஆர்க்கெஸ்ட்ரா கட்டுண்டு கிடப்பது தெரியும்.

நான் செய்யும் சோதனை எளியது. நடத்துநர் ஒரு சைகை செய்கிறார். அடுத்த வினாடி ஒலியில் ஏதாவது மாறியதா? இடக்கையால் செல்லோக்களை அழைத்தால், செல்லோக்கள் மேலெழுந்தனவா? மாற்றம் இருந்தால் அவர் நடத்துகிறார். ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பதற்கு அவர் ஆடிக்கொண்டிருந்தால், அவரும் நம்மைப் போல் ரசிகர்தான், நிற்கும் இடம் மட்டும் வேறு. வாசிப்பவர்களின் கண்களையும் பாருங்கள். நெருக்கடியான இடத்தில் அவர்கள் தலை நிமிர்வது நடத்துநரை நோக்கியா, முதல் வயலின் தலைவரை நோக்கியா என்பது நிறையச் சொல்லும்.

ஏழாம் படி: எப்படிப் படமாக்கினார்கள் என்று விசாரியுங்கள்

நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காராயான் 1960களிலிருந்து எடுத்த பல சிம்பொனிப் படங்களில், ஒலியை முன்னதாகவே பதிந்துவிட்டு, அதை ஓடவிட்டு அதற்கேற்ப வாசிப்பதுபோல் படமெடுத்தார்கள். வயலின் வில்கள் எல்லாம் ஒரே கோணத்தில் வரிசை கட்டி நிற்கும், ஒளி செதுக்கியதுபோல் விழும், அவர் கண்ணை மூடியபடியே நடத்துவார். சினிமாவாக அழகு. ஆனால் அந்த விரல்களிலிருந்து அந்தக் கணத்தில் பிறந்த ஒலி அல்ல அது. நேரடி நிகழ்ச்சியோடு இதை ஒரே தராசில் நிறுக்க முடியாது.

நேரடி என்று அட்டையில் போட்டிருப்பவையும் பெரும்பாலும் இரண்டு மூன்று இரவுகளின் கலவை. ஹார்ன் பிசிறிய இடத்துக்கு மறுநாள் வாசிப்பை ஒட்டிவிடுவார்கள். இது மோசடியல்ல, ஊரறிந்த நடைமுறை. அடையாளம் வேண்டுமானால் நடத்துநரின் நெற்றியைப் பாருங்கள்: வியர்வை வழிந்த முகம் அடுத்த வெட்டில் உலர்ந்திருக்கும், மறுபடி வழியும். ஒட்டுப்போட்டதால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை. ஒட்டிய இடத்தில் வேகமோ எதிரொலியோ மாறினால் மட்டும் குறையுங்கள்.

திரைப்பட ஃபிலிமில் எடுத்த பழைய பதிவுகளில் இன்னொரு வில்லங்கம். வினாடிக்கு 24 சட்டகமாக எடுத்ததை 25 சட்டகத் தொலைக்காட்சி முறைக்கு அப்படியே மாற்றினால், எல்லாம் நான்கு சதவீதம் விரைவாக ஓடும், சுருதியும் ஏறக்குறைய முக்கால் அரைஸ்வரம் ஏறிவிடும். சி மைனர் சுருதியில் அமைந்த ஐந்தாவது சிம்பொனி சி ஷார்ப்பை நோக்கி நகர்ந்திருந்தால், நடத்துநரின் வேகத்தைப் பாராட்டுவதற்கு முன் ஒரு சுருதிக் கருவியால் சோதித்துப் பாருங்கள்.

கடைசிப் படி: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: வாசிப்பு, ஒலி, படம். ஒன்றாகக் கூட்டி ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று போடாதீர்கள். எந்த நட்சத்திரம் யாருக்கு என்று ஆறு மாதத்தில் மறந்துபோகும். முடிவைப் பற்றியும் ஒரு சொல் எழுதிவிடுங்கள், கடைசி ஒலி அடங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று. 2010-இல் லூசெர்னில் கிளாடியோ அப்பாடோ மாலரின் ஒன்பதாவதை முடித்தபோது, இரண்டு நிமிடம் போல அரங்கம் மூச்சுவிடவில்லை. வட்டில் அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். வேறு சில பதிவுகளில் கடைசி ஸ்வரம் காற்றில் இருக்கும்போதே பெயர்ப் பட்டியல் ஏறத் தொடங்கிவிடும்.

ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டு, கருத்து மாறினால் பழையதை அடிக்காமல் கீழே சேர்த்து எழுதுங்கள். அழுத நடத்துநரின் டிவிடி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்கு என் நோட்டில் இருப்பது இது:

"வாசிப்பு: மெதுவான பகுதி தளர்வு, ஹார்ன் பிசிறு இரண்டு. ஒலி: சுத்தம், டபுள் பாஸ்கூடத் தெளிவு. படம்: முகம், முகம், முகம், செல்லோக்கள் மொத்தமே இரண்டு முறை."

அதன் கீழே, வேறு மையில்: "கடைசிப் பகுதி நான் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது. திரையை அணைத்துக் கேட்கவும்."